லினக்ஸில் காணொலிச் சுருக்கம்: வரைகலை அட்டை எங்கே உதவும்?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பத்தாம் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த மாணவியின் பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குத் திருவள்ளூர்ப் பக்கம் போயிருந்தார்கள். வழக்கமாக அவளைப் பாட்டியிடம் விட்டுச் செல்வார்கள். பாட்டி மார்கழியில் இறந்துவிட்டதால் இந்த ஆண்டு அவளையும் அழைத்துப் போய்விட்டார்கள். அப்பாவிடம் கைப்பேசியில் பேசினேன். "பரிட்சைக்கு முன்னாடி கண்டிப்பா கூட்டியாந்துடறேன் சார். அதுவரைக்கும் என் போனுக்கு ஏதாவது அனுப்ப முடியுமான்னு பாருங்க" என்றார்.

கணிதம் நான் எடுக்கிறேன். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களிடம் விஷயத்தைச் சொன்னேன், இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வகுப்பறையின் பின்பக்கம் ஒரு தாங்கியில் கைப்பேசியை நிறுத்திக் கரும்பலகையைப் பதிவு செய்வது, மாலையில் மூன்று பாடங்களையும் என் மடிக்கணினியில் சுருக்கி அனுப்புவது என்று முடிவானது. கைப்பேசியில் 40 நிமிடப் பாடம் ஒன்று ஏறக்குறைய 5 ஜிபி வந்தது. அதை அப்படியே யாருக்கும் அனுப்ப முடியாது.

என்னிடம் இருப்பது இரண்டு கோர் கொண்ட ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 மடிக்கணினி. உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். ஹேண்ட்பிரேக் என்னும் கட்டற்ற மென்பொருளில் கோப்பைக் கொடுத்துத் தொடங்கினால், ஒரு பாடம் முடிய 75 நிமிடம் ஆனது. மூன்று பாடத்துக்கு 3 மணி 45 நிமிடம். இரவுச் சாப்பாடு முடிந்து, விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்தி முடித்துப் பார்த்தாலும் மின்விசிறி இரைந்துகொண்டேதான் இருக்கும். ஒரு நாள் 60 நிமிடம் ஓடிய பிறகு மின்சாரம் போனது. பழைய பேட்டரி தாங்கவில்லை. மறுபடி இயக்கிப் பார்த்தால் அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. எம்பி4 வகைக் கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாமல் நின்றால் முன்னால் எழுதியது அத்தனையும் வீண். எம்கேவி வகையாக இருந்திருந்தால் அதுவரை எழுதியதாவது மிஞ்சியிருக்கும். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கணினி ஆசிரியரிடம் புலம்பினேன். மடிக்கணினியை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். "சார், இதுக்குள்ள வீடியோவைச் சுருக்கறதுக்குன்னே தனியா ஒண்ணு இருக்கு. நீங்க அதைத் தொடவே இல்லை" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, காணொலியைச் சுருக்குவது என்றால் கணினி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வருகைப் பதிவும் காணொலியும்

முழு எச்டி காணொலியின் ஒரு ஃபிரேமில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு ஃபிரேம் 6 எம்பிக்குச் சற்று மேல். நொடிக்கு 30 ஃபிரேம். எதையும் சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 187 எம்பி. 10 நிமிடத்துக்கு 112 ஜிபி. கைப்பேசி 40 நிமிடத்தை 5 ஜிபியில் அடக்கியதே பெரிய சுருக்கம்தான்.

எப்படிச் சுருங்குகிறது? நாம் தினமும் செய்வதுதான். 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு நாளும் 40 பெயரையும் கரும்பலகை மூலையில் எழுதுவதில்லை. பதிவு 40, வருகை 37 என்று போட்டு, வராத மூவரின் பெயரை மட்டும் எழுதுகிறோம். காணொலியிலும் ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் எது மாறியதோ அதை மட்டும் எழுதுவார்கள். கரும்பலகை அசையாது, சுவர் அசையாது, ஆசிரியரின் கையும் தலையும்தான் அசைகின்றன. அதனால் பாடக் காணொலி நன்றாகச் சுருங்கும். கபடிப் போட்டியை எடுத்த காணொலி அவ்வளவு சுருங்காது.

கடினமான பகுதி எதுவென்றால், நகர்ந்ததைக் கண்டுபிடிப்பது. 2003இல் வெளிவந்த எச்.264 என்னும் தரநிலை ஃபிரேமை 16 × 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும், "இது முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது?" என்று தேட வேண்டும். மூன்றாம் பெஞ்சில் இருந்த பையன் ஐந்தாம் பெஞ்சுக்குப் போயிருந்தால் அவனைப் புதிதாகப் பதிய வேண்டாம். இடம் மாறினான் என்று குறித்தால் போதும். ஆனால் எங்கே போனான் என்று வகுப்பு முழுவதும் தேடித்தான் அதைச் சொல்ல முடியும். எவ்வளவு தூரம் தேடுவது, கட்டத்தை இன்னும் சிறியதாக உடைத்துத் தேடலாமா, எந்த முறையில் எழுதினால் சில பிட்டுகள் மிச்சமாகும் என்று ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு, நொடிக்கு 30 முறை முடிவெடுக்க வேண்டும். என் ஐ3 நொடிக்கு 16 ஃபிரேமைத்தான் முடித்துக்கொண்டிருந்தது. 40 நிமிடப் பாடத்தில் 72,000 ஃபிரேம். 16ஆல் வகுத்தால் 4,500 நொடி. 75 நிமிடக் கணக்கு இதுதான்.

ஓ.எம்.ஆர். இயந்திரம்

வரைகலை அட்டை என்றால் நூற்றுக்கணக்கான சிறு கோர்கள் இருக்கும், அவை எல்லாம் சேர்ந்து காணொலியைப் பிரித்துக்கொண்டு வேலை செய்யும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. விளையாட்டுகளுக்குப் படம் வரையும் கோர்கள் ஒரு பக்கம் இருக்க, காணொலியைக் குறியாக்கம் செய்வதற்கென்றே அச்சிப்பில் ஒரு சிறு மூலையில் தனிச் சுற்று வைத்திருக்கிறார்கள். இன்டெல் 2011இல் இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளோடு இதைக் கொண்டுவந்து குயிக் சிங்க் என்று பெயரிட்டது. என்விடியா 2012இல் கெப்ளர் வகை அட்டைகளில் வைத்தது என்வென்க். ஏஎம்டி நிறுவனத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. நம் கைப்பேசியிலும் இருக்கிறது. அதனால்தான் பதிவை நிறுத்தியவுடன் கோப்பு தயாராகிவிடுகிறது.

விடைத்தாள் திருத்தும் மையத்தோடு ஒப்பிட்டால் நமக்கு எளிதில் விளங்கும். சி.பி.யு. அனுபவமுள்ள ஆசிரியர் போன்றது. எந்த வினாவையும் திருத்தும், நிதானமாகப் படிக்கும், விடை தவறானாலும் படிநிலைகளைப் பார்த்து மதிப்பெண் தரும். குறியாக்கச் சுற்று ஓ.எம்.ஆர். இயந்திரம் போன்றது. வட்டம் கறுத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதனால்தான் அந்த வேகம். அதற்குப் படிநிலை மதிப்பெண் தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நூறு வழிகளைச் சோதித்து, மிகக் குறைந்த பிட்டுகளில் எழுதும் வழியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, சுற்றில் வடித்துவைத்த சில வழிகளைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

இந்த ஒப்புமையின் இரண்டாவது பாதியை அன்று நான் கவனத்தில் கொள்ளவில்லை. வேகம் என்ற சொல்லோடு நின்றுவிட்டேன்.

லினக்ஸில் அதை எழுப்புவது

விண்டோஸில் இது பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். லினக்ஸில் இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

இன்டெல், ஏஎம்டி வரைகலைக்கு லினக்ஸில் வி.ஏ.ஏ.பி.ஐ. என்ற பொது வழி ஒன்று உண்டு. மென்பொருள் அதனிடம் கேட்கும். அது இயக்கியிடம் கேட்கும். இயக்கி சுற்றை வேலை வாங்கும். டெர்மினலில் 'விஏஇன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்தால் உங்கள் கணினியால் என்னென்ன முடியும் என்று பட்டியல் வரும். ஒவ்வொரு வரியின் முடிவையும் பாருங்கள். எச்.264க்கு நேராக 'விஎல்டி' என்று மட்டும் இருந்தால், காணொலியை அவிழ்த்துக் காட்ட மட்டுமே முடியும். 'என்க்ஸ்லைஸ்' என்று இருந்தால் குறியாக்கமும் முடியும்.

என் கணினியில் முதலில் அந்தச் சொல் வரவில்லை. உபுண்டுவில் இன்டெல் மீடியா இயக்கி இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. அவற்றில் 'நான்-ஃப்ரீ' என்று முடியும் தொகுப்பை நிறுவிய பிறகுதான் வந்தது. பெயரைப் பார்த்துக் காசு கேட்குமோ என்று தயங்க வேண்டாம். அதன் ஒரு பகுதி திறந்த மூலமாக இல்லை என்பதுதான் பொருள். நிறுவுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

என்விடியா அட்டை என்றால் வழி வேறு. லினக்ஸோடு வரும் நுவோ என்னும் திறந்தமூல இயக்கி திரையில் படம் காட்டும். ஆனால் என்வென்க்கை இயக்காது. உபுண்டுவின் 'கூடுதல் இயக்கிகள்' பகுதிக்குப் போய் நிறுவனத்தின் சொந்த இயக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அப்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். கணினி மறுபடி தொடங்கும்போது நீல நிறத் திரை வரும். ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அது கெட்டதன் அடையாளம் இல்லை. புதிய இயக்கியை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்கும் திரை. அங்கே பதிவு செய்யும் வாய்ப்பைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். தாண்டிப் போனால் இயக்கி ஏறாது. 'என்விடியா-எஸ்எம்ஐ' என்ற கட்டளையைக் கொடுத்தால் பிழைச்செய்திதான் வரும்.

உண்மையில் சுருக்கும் வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக். 2000இல் பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. காணொலியைக் கையாளும் பல மென்பொருள்களுக்குள் இதன் பாகங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதற்குச் சாளரம் கிடையாது, கட்டளைதான். நம் கணினி ஆசிரியர் ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதித் தந்துவிட்டார். அதில் அவர் சுட்டிக்காட்டிய ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். மூலக் கோப்பு ஏற்கெனவே சுருங்கியது. அதை முதலில் அவிழ்க்க வேண்டும், பிறகு மறுபடி சுருக்க வேண்டும். அவிழ்ப்பதைச் சி.பி.யு.விடமும் சுருக்குவதை வரைகலையிடமும் கொடுத்தால், அவிழ்த்த ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சுமக்க வேண்டும். முன்னர் கணக்கிட்ட 6 எம்பி மூட்டைகள்தான் அவை, எச்.264 நிற விவரத்தைக் குறைத்து வைப்பதால் எடை பாதியாகும், அவ்வளவுதான். இரண்டு வேலையையும் வரைகலையிடமே கொடுத்துவிட்டால் இந்தச் சுமை இல்லை. இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, "கார்டு போட்டும் வேகம் கூடவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் முடித்துவிட்டு அன்றைய கணிதப் பாடத்தைக் கொடுத்தேன். நொடிக்கு 100 ஃபிரேம். 12 நிமிடத்தில் முடிந்தது. மின்விசிறி சத்தம்கூட எழவில்லை. மூன்று பாடமும் 36 நிமிடத்தில் தயார். இரவு எட்டரை மணிக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ஒரு மாதத்தில் முதல் முறையாகச் செய்தித்தாளை விரித்தேன்.

அவள் அனுப்பிய குரல் செய்தி

நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. "சார், முன்னாடி அனுப்பின வீடியோ எல்லாம் இறங்குச்சு சார். இப்ப அனுப்பறது பாதியிலேயே நின்னுடுது. நெட் தீந்துபோச்சுன்னு அப்பா போன்ல மெசேஜ் வருது."

கோப்பின் அளவைப் பார்த்தேன். 1.8 ஜிபி.

பழைய முறையில் 75 நிமிடம் உழைத்து என் ஐ3 தந்த கோப்பு 500 எம்பி அளவில்தான் இருந்தது. இப்போது நொடிக்கு 6 மெகாபிட் என்று ஒரு வீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிர்ணயித்திருந்தேன். 6 மெகாபிட்டை 2,400 நொடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 1,800 எம்பி. எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. கணித ஆசிரியர் போட்டுப் பார்க்கவில்லை. அவளுடைய அப்பாவின் திட்டத்தில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. ஒரு பாடத்துக்கே போதாது. நான் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கான விலையை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். அந்த நான்கு நாளும் சூளையில் அந்தக் குடும்பம் ஊருக்குப் பேச வேறு வழி இருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சரி, பிட் வீதத்தைக் குறைத்தால் போயிற்று என்று, 40 நிமிடம் 120 எம்பிக்குள் வரும்படி வரைகலையிடமே கொடுத்தேன். படத்தையும் 1280 × 720 ஆக்கினேன். கோப்பு சிறிதாக வந்தது. அனுப்பியும்விட்டேன். இருபடிச் சமன்பாட்டுத் திருப்புதல் பாடம் அது. மறுநாள் அவள் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாவது வரியில் வர்க்கக்குறி இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் தவறு. கவனக்குறைவு என்று எழுதப் போனவன், சந்தேகத்தில் காணொலியைத் திறந்து பார்த்தேன். சுண்ணக்கட்டியால் எழுதிய சிறு 2, என் கை நகர்ந்த அடுத்த நொடிகளில் ஒரு வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரிந்தது. கைப்பேசியின் சிறு திரையில் அது இருப்பதே தெரியாது. அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

ஓ.எம்.ஆர். இயந்திரத்தின் இரண்டாவது பாதி இதுதான். பிட்டுகள் தாராளமாக இருக்கும்போது, வன்பொருள் குறியாக்கத்துக்கும் மென்பொருள் குறியாக்கத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பிட்டுகள் சுருங்கச் சுருங்க, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்ற முடிவு முக்கியமாகிறது. எக்ஸ்264 என்னும் மென்பொருள் குறியாக்கி நேரம் எடுத்துக்கொண்டு அந்த முடிவை நன்றாக எடுக்கும். பழைய வன்பொருள் சுற்று எடுக்காது. கரும்பலகைப் பாடத்தில் மெல்லிய கோடுகள்தான் பாடமே: அடுக்கு, கழித்தல் குறி, வேதியியலில் கீழே எழுதும் எண், தமிழில் ஒற்றுப் புள்ளி.

அதே பாடத்தை என் கணினியில் இரண்டு வழியிலும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எக்ஸ்264இல் 120 எம்பியில் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. வரைகலை வழியில் அதே தெளிவு வர 200 எம்பி தேவைப்பட்டது. 80 எம்பிதானே என்று நமக்குத் தோன்றலாம். ஒரு நாளைக்கு மூன்று பாடம், அதோடு அந்தக் கைப்பேசியில் மற்றவர்களின் தேவையும் இருக்கிறது.

அப்படியானால் மறுபடி 75 நிமிடமா? இங்கேதான் வேலையைக் குறைக்க வேறு வழி இருப்பதைக் கவனித்தேன். முழு எச்டியில் 20,73,600 புள்ளிகள், 720இல் 9,21,600. பாதிக்கும் குறைவு. கைப்பேசித் திரைக்கு அது போதும். நொடிக்கு 30 ஃபிரேம் எதற்கு? கரும்பலகையில் எழுதும் கைக்கு 15 போதும். 72,000 ஃபிரேம் 36,000 ஆனது. அவிழ்க்கும் வேலையை வரைகலையிடமே விட்டுவிட்டு, சுருக்கும் வேலையை மட்டும் எக்ஸ்264இடம், 'ஸ்லோ' என்னும் நிதானமான அமைப்பில் கொடுத்தேன். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடியது. 24 நிமிடம். மூன்று பாடத்துக்கு 72 நிமிடம். முன்பு ஒரு பாடத்துக்கு ஆன நேரத்தில் இப்போது மூன்றும் முடிகின்றன; கோப்பு நான்கில் ஒரு பங்குதான். ஒலியை ஒற்றைத் தடமாக்கி நொடிக்கு 48 கிலோபிட் வைத்தேன். பேச்சுக்கு அது தாராளம்.

இன்னொன்று. வாட்ஸ்ஆப்பில் காணொலியாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். நாம் காப்பாற்றிய அடுக்குகள் அங்கே போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். எச்.265இல் இன்னும் சிறிதாக்கலாமே என்று நண்பர் கேட்டார். ஆக்கலாம். ஆனால் பழைய, விலை குறைந்த கைப்பேசிகள் எல்லாம் அதைத் தடங்கலின்றி ஓட்டும் என்ற உறுதி இல்லை. எச்.264 ஓடாத கைப்பேசியை நான் பார்த்ததில்லை.

அட்டையை எங்கே பயன்படுத்துகிறேன்

இதைப் படித்துவிட்டு வரைகலைக் குறியாக்கம் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு உரிய இடம் இருக்கிறது.

முதலாவது, பதிவு செய்யும் நேரம். எழுதுபலகையை இணைத்துத் திரையையும் குரலையும் ஓ.பி.எஸ். ஸ்டுடியோவில் பதிவு செய்யும் ஆசிரியர்கள் பலர். அங்கே குறியாக்கம் அந்த நொடியிலேயே நடந்தாக வேண்டும். பின்தங்கினால் ஃபிரேம்கள் தவறும். என் ஐ3இல் மென்பொருள் வழியில் பதிவு செய்தபோது குரல் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம் போயிற்று. அமைப்பில் குறியாக்கியை வி.ஏ.ஏ.பி.ஐ. என்று மாற்றியவுடன் சரியானது. பதிவின்போது பிட்டுகளைத் தாராளமாகக் கொடுங்கள், வன்தட்டில் இடம் இருந்தால் போதும். சுருக்குவதைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். கோப்பு வகை எம்கேவியாக இருக்கட்டும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, கோப்பு இணையத்தில் போகாத இடங்கள். திறன் வகுப்பறைத் திரையில் போடுவதற்காகப் பென் டிரைவில் வைக்கும் பாடங்களுக்கு 1 ஜிபி இருந்தால் யாருக்கு நட்டம்? அவை எல்லாம் வரைகலை வழியில்தான். வெட்டி ஒட்டிய பாடம் சரியாக வந்திருக்கிறதா என்று சக ஆசிரியருக்குக் காட்டும் முன்வடிவும் அப்படியே.

மார்ச் தொடக்கத்தில் ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். பள்ளிக் கணினிக்கு வரைகலை அட்டை வாங்கித் தருவதாகச் சொன்னான். எங்கள் பள்ளி மேசைக்கணினியில் இருப்பது 'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் செயலி. அந்த வகையில் உள்ளமைந்த வரைகலை கிடையாது, அதனால் குயிக் சிங்க்கும் கிடையாது. கடையில் ஜிடி 1030 என்ற அட்டையைக் காட்டி, புதியது, விலை குறைவு, 2 ஜிபி நினைவகம் என்றார்களாம். "வாங்கிடவா சார்?" என்றான். ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். எந்த அட்டையில் எத்தனை குறியாக்கச் சுற்று இருக்கிறது என்ற அட்டவணையை என்விடியாவே வெளியிட்டிருக்கிறது. அதில் ஜிடி 1030க்கு நேராகச் சுழி. காணொலியைக் காட்டும், சுருக்காது. ஏஎம்டியில் 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் அப்படித்தான். நினைவகம் எத்தனை ஜிபி என்பது இதில் எதையும் சொல்லாது. வாங்கப் போகும் ஆசிரியர்கள் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் அந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பேன். மிகப் பழைய அட்டைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. கெப்ளர் காலத்தவற்றுக்கு 470 வரிசையோடு லினக்ஸ் இயக்கி நின்றுவிட்டது.

கடைசியில் பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று கிடைத்தது. தனி மின் இணைப்பு கேட்காத மாதிரி. பள்ளிக் கணினியின் சிறிய மின்வழங்கிக்கு அது முக்கியம். முழு எச்டிப் பாடம் நொடிக்கு 300 ஃபிரேமில் ஓடுகிறது. 40 நிமிடம் 4 நிமிடத்தில் முடிகிறது. ஹேண்ட்பிரேக்கிலேயே குறியாக்கிப் பட்டியலில் என்வென்க் வந்துவிட்டதால் கட்டளையே வேண்டாம். மற்ற ஆசிரியர்களும் தாங்களாகச் செய்துகொள்கிறார்கள். 2018இல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து என்வென்க்கின் தரம் நன்றாக உயர்ந்து, எக்ஸ்264இன் நடுத்தர அமைப்பை நெருங்கிவிட்டது. ஆனால் 1650ஐப் பார்த்து டியூரிங் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அதன் முதல் வடிவத்தில் முந்தைய தலைமுறைச் சுற்றைத்தான் வைத்தார்கள். பெயரில் 'சூப்பர்' சேர்ந்த 1650இல்தான் புதிய சுற்று. எங்களுடையது சூப்பர் இல்லாத சாதாரண 1650. அதனால் சூளைக்குப் போகும் கோப்பு மட்டும் இன்றும் எக்ஸ்264 வழியில்தான் போகிறது.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி ஒரு குரல் செய்தி. பின்னணியில் லாரி இரைச்சல். "சார், எட்டாவது கணக்குல ரெண்டாவது வரியில மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டேன், மைனஸ்தான் இருக்கு."

பார்த்தேன். மைனஸ்தான். கரும்பலகையில் அடுத்த வரியில் தவறாக எழுதியது நான். நான்கு நிமிடத்தில் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பதிவு செய்து, சுருக்கி அனுப்பினேன். 12 எம்பி.